நாகவல்லியா, நாகவல்லியையா?

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் நாகவல்லி ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பார்த்தது இன்ஸ்பெக்டரை அல்ல. வேலை கொடுத்த முதலாளியையும் அல்ல. வனஜாவை.

“திங்கக்கெழமை காலைல என் பாஸ்வேர்டையே மெஷின் எடுக்கலைன்னு சொன்னேனே மேடம். அதை எழுதினீங்களா?”

வனஜா வாயைத் திறப்பதற்குள் பெண் கான்ஸ்டபிள் நாகவல்லியின் தோளைத் தொட்டு உள்ளே ஏற்றிவிட்டாள். ஜீப் அப்பாவு கியர்ஸ் கேட்டைத் தாண்டியது. அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளுக்கு நடுவே மறைந்தது.

வனஜா அதை எழுதவில்லை.

ஐந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தவள் வனஜா. நாலு நாள் விசாரித்து அவள் கொடுத்த அறிக்கை ஒரே பக்கம்தான். ‘ஞாயிற்றுக்கிழமை நாகவல்லி தன் பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு ராணுவ வண்டிகளுக்கான கியர் வரைபடங்களை டேப்பில் காப்பி எடுத்தார். டேப்பைக் காணவில்லை.’ அதன் கீழே அவள் கையெழுத்து.

ஆதாரம் கம்ப்யூட்டரே கொடுத்தது. யார் உள்ளே வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று மெஷின் தானாகவே ஒரு பதிவு எழுதிக்கொண்டே இருந்தது. கம்பெனியில் அதை ‘லாக்’ என்றார்கள். அதன் அச்சுப் பிரதியில் இரண்டு வரிகள். இரண்டிலும் நாகவல்லி பெயர்.

“ஒரு பக்கம் போதும்னு சொன்னேன். ஒரு பக்கத்துல முடிச்சுட்டீங்க, ரொம்ப சந்தோஷம்” என்றார் முதலாளி அப்பாவு. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். “நல்லாப் படிச்ச பொண்ணு. இப்படிப் பண்ணும்னு நெனைக்கலை.”

பக்கத்தில் நின்ற மேனேஜர் குணசேகரன், “நான் அப்பவே சொன்னேன் சார்” என்றார். எதற்கும் அதைச் சொல்கிற முகம் அவருக்கு.

கேட்டுக்கு வெளியே துலுக்கானம் ஆட்டோவில் சாய்ந்து காத்திருந்தான். வனஜாவுக்கு உதவியாளன், டிரைவர், கேட்காமலே கருத்துச் சொல்பவன், மூன்றும் அவனே.

“இன்னா மேடம், கேஸு முடிஞ்சா மாதிரியே மூஞ்சி இல்லியே?”

“ஸ்டேஷனுக்கு விடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கு.”

“கையெழுத்து போட்டப்புறம் கேள்வியா? நல்லா கீது.”

வனஜா ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டேஷன் வாசலில், புங்கமரத்தடியில் ஒருவன் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாகவல்லியின் கணவன் தேவராஜ். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சாப்பாட்டை உள்ளே விடவில்லை. அவன் வனஜாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் அவசரத்தில் இருந்தார். “ஆறு மணிக்கு மேலிடத்து ஆளுங்க வர்றாங்க வனஜாம்மா. ராணுவச் சமாச்சாரம். அவங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டா அப்புறம் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. லேசுல ஜாமீன் கிடைக்காது.”

“அஞ்சு நிமிஷம் அவங்ககூடப் பேசணும்.”

“எழுத்தர் சாப்பிடப் போயிருக்காரு. வரட்டும், இருங்க.”

காத்திருந்தார்கள். சுவரில் ஒரு கரும்பலகை. மேலே பெயின்ட்டில் இரண்டு தலைப்பு, ‘குற்றம்’, ‘பெயர்’. கீழே சாக்பீஸ் எழுத்து. துலுக்கானத்தால் சும்மா இருக்க முடியாது. எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“வழிப்பறி, வேம்புலி, நூம்பல்.” பெஞ்சில் இருந்த பெரியவரைப் பார்த்தான். “நைனா, வேம்புலி நீதானா?”

“ஆமா.”

“இந்த வயசுல வழிப்பறியா? ஓட முடியுமா உன்னால?”

பெரியவர் எழுந்தே விட்டார். “டேய், நானா பறிச்சேன்? எங்கிட்ட பறிச்சிக்கினு பூட்டானுங்கடா! வேலப்பஞ்சாவடி முக்குல, பட்டப்பகல்ல! திருடு குடுத்தவன் பேரை எழுதிட்டு, வர்றவன் போறவன் எல்லாம் என்னைத் திருடன்றான்!”

“மன்னிச்சுக்கோ நைனா. போர்டு அப்படித்தான சொல்லுது.”

வனஜா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம், பெயர். யாருடைய பெயர்? செய்தவர் பெயரா, யாருக்குச் செய்தார்களோ அவர் பெயரா? தலைப்பு சொல்லவில்லை. படிப்பவர் தானாகவே ஒன்றை வைத்துக்கொள்கிறார்.

அவள் கைப்பையிலிருந்து லாக் பிரதியை எடுத்துப் பிரித்தாள்.

முதல் வரி: ‘பாஸ்வேர்டு மாற்றம். யூசர் நாகவல்லி. ஐ.டி. 0.’

இரண்டாம் வரி: ‘ஃபைல் காப்பி. யூசர் நாகவல்லி. ஐ.டி. 14.’

“துலுக்கானம், இதைப் படிச்சா என்ன தோணுது?”

“நாகவல்லி பாஸ்வேர்டை மாத்துச்சு. அப்பால காப்பி அட்ச்சுது.”

“நானும் அப்படித்தான் படிச்சேன். ஆனா வேம்புலி மாதிரி இருந்தா?” அவள் குரல் தாழ்ந்தது. “நாகவல்லி மாத்தலை. நாகவல்லியோட பாஸ்வேர்டை யாரோ மாத்தினாங்க. நாகவல்லியை மாட்டிவிட. நாம பேசறப்ப நாகவல்லியா நாகவல்லியையான்னு ஒரு ‘ஐ’ காட்டிக் குடுத்துடும். இந்தக் கட்டத்துல அந்த ‘ஐ’ இல்லை.”

துலுக்கானம் பேப்பரை எட்டிப் பார்த்தான். “ஏன் இல்லை? அதோ பக்கத்துலயே கீதே மேடம். ஐ.டி.!”

வேடிக்கைக்குத்தான் சொன்னான். வனஜாவின் விரல் அந்தக் கட்டத்தில் போய் நின்றது. பூஜ்யம். முதல் நாளே அதைக் காட்டி அவள் கேட்டிருந்தாள். குணசேகரன் அலட்சியமாகச் சொன்ன பதில் நினைவில் இருந்தது: ‘அது காலிக் கட்டம் மேடம். ஒண்ணும் இல்லாட்டி மெஷின் பூஜ்யம் போடும்.’

எழுத்தர் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நாகவல்லி தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“மெஷின்ல உங்களுக்குன்னு ஒரு நம்பர் உண்டா?”

“பதினாலு. எல்லாருக்கும் ஒரு நம்பர் உண்டு.”

“பூஜ்யம் யாரோடது?”

“தெரியாது மேடம். சம்பத் சாருக்குத்தான் தெரியும். இந்த லாக் புரோகிராமே அவர் எழுதினது. வேலையை விட்டுட்டாரு. வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னாடி அவங்க ஊடு.” நாகவல்லி நிமிர்ந்தாள். “இதெல்லாம் நேத்து கேட்டிருக்கணும்.”

“ஆமா” என்றாள் வனஜா.

ஆட்டோ திருமுல்லைவாயலைத் தாண்டி, ஆவடியைத் தாண்டி அலறிக்கொண்டு போனது. திருநின்றவூருக்கு முன்னால் ஒரு ராணுவ லாரி வரிசை வழியை அடைத்தது. துலுக்கானம் ஹாரனை அழுத்தவில்லை. “துப்பாக்கி வெச்சிகினு கீறவங்ககிட்ட நான் அவசரப்பட மாட்டேன் மேடம்.”

“குணசேகரன் பொய் சொல்லியிருக்கான்” என்றாள் வனஜா. “பூஜ்யம் காலிக் கட்டம் இல்லை. காலின்னு என்னை நம்ப வெச்சவன் அவன்தான்.”

“அந்த மூஞ்சைப் பார்த்தப்பவே சொன்னேன்.”

“நீங்களும் அவன் மாதிரியே பேசறீங்க.”

வேப்பம்பட்டு ரயில்வே கேட்டருகே அப்பாவு கியர்ஸ் என்று எழுதிய வேன் ஒன்று எதிரே வந்து அவர்களைக் கடந்தது. “இன்னும் வேகமா” என்றாள் வனஜா. சம்பத் வீட்டு வாசலில் அவன் மனைவி மட்டும் நின்றிருந்தாள்.

“கம்பெனிலேர்ந்து டிக்கெட் குடுத்தனுப்பினாங்க. பம்பாயில பெரிய வேலையாம். இன்னிக்கே கெளம்பணும்னாங்க. இப்பத்தான் லோக்கல் ரயிலுக்குப் போனாரு. இன்னாங்க, எதனா பிரச்சினையா?”

பதில் சொல்ல நேரமில்லை. மேற்கே ரயிலின் ஹாரன் கேட்டது. ஆட்டோவை டீக்கடை வாசலில் போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். ரயில் நகரத் தொடங்கியபோது வனஜா ஒரு பெட்டியின் கம்பியைப் பிடித்துத் தொற்றினாள். பின்னால் துலுக்கானம் ஒரு செருப்பைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு ஏறினான்.

அடுத்த பெட்டியில், கதவோரம், சூட்கேஸை அணைத்தபடி ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான்.

“சம்பத்?”

அவன் முகம் வெளிறியது. “நான் எதுவும் பண்ணலை.”

“தெரியும். பண்ணாதவங்க ஒருத்தங்க அம்பத்தூர் ஸ்டேஷன்ல தரைல உட்கார்ந்திருக்காங்க. இந்த ரெண்டு வரியை மட்டும் எனக்குப் படிச்சுச் சொல்லுங்க.”

சம்பத் பேப்பரை வாங்கினான். ஒரு முறைதான் பார்த்தான்.

“காப்பி எடுத்த வரில யூசர்னா காப்பி எடுத்தவங்க. பாஸ்வேர்டு வரில யூசர்னா, யாரோட பாஸ்வேர்டு மாறிச்சோ அவங்க. மாத்தினவங்க நம்பர் ஐ.டி.ல வரும்.”

“ஒரே தலைப்பு. ஒரு வரில செஞ்சவங்க. அடுத்த வரில மாட்டினவங்க.”

“அவசரத்துல எழுதினது மேடம். நான்தான படிக்கப்போறேன்னு நெனைச்சேன். எனக்குத் தெரியுமே.”

“பூஜ்யம்?”

“அந்த மெஷின்ல பூஜ்யம்தான் ராஜா. சூப்பர் யூசர்னு பேரு. யார் பாஸ்வேர்டையும் மாத்தலாம், எதையும் அழிக்கலாம்.”

துலுக்கானம் ஒற்றைச் செருப்போடு நெருங்கி வந்தான். “அப்ப அந்த ராஜா நேராவே காப்பி அட்ச்சிருக்கலாமே? இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு பேர்ல பூந்தான்?”

“நேரா எடுத்தா லாக்ல பூஜ்யம்னு விழும். நாகவல்லி பேர் விழணும்னா நாகவல்லியா உள்ள போகணும். அதுக்கு அவங்க பாஸ்வேர்டு வேணும், இவனுக்குத் தெரியாது. அதனால புதுசா மாத்திட்டான்.”

அதனால்தான் திங்கட்கிழமை காலையில் மெஷின் அவளை ஏற்றுக்கொள்ளவில்லை.

“குணசேகரனுக்கு அந்தச் சாவியை நீங்கதான் குடுத்தீங்களா?”

“மேனேஜருக்கா?” சம்பத் விழித்தான். “அவருக்குக் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள வரவே பயம். ஷாக் அடிக்கும்னு நெனைப்பாரு. நான் சொல்லிக் குடுத்தது முதலாளிக்கு.”

பட்டாபிராமில் ரயில் நின்று கிளம்பியது.

“அப்பாவு சாருக்கா?” என்றாள் வனஜா மெல்ல. “அவருக்கு டைப் அடிக்கவே தெரியாதுன்னார்.”

“அவர் ரூம்லயே மெஷினுக்கு ஒரு தனித் திரை, கீபோர்டு எல்லாம் இருக்கு மேடம், டெர்மினல்னு பேரு. பக்கத்துல உட்கார வெச்சு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். டிக்கெட் அனுப்பினதும் அவர்தான். இங்க இருந்தா உன்னையும் சேர்த்துப் புடிப்பாங்க, போயிடுன்னு சொல்லியனுப்பினார்.”

ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வாட்ச்மேன் இல்லை. அவனுக்கு அன்று லீவு கொடுத்தது முதலாளி. அதையும் வனஜா கேட்டிருந்தாள். நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டாள். ராணுவம் நம்பிக் கொடுத்த வரைபடத்தை விற்றவன், அது வெளியே தெரிவதற்குள் ஒரு திருடியைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. திருடி என்று சாட்சி சொல்ல வெளியாள் ஒருத்தியும் வேண்டியிருந்தது.

“மேடம்” என்றான் துலுக்கானம். “நம்பளை வேலைக்கு வெச்ச ஆளே திருடனா?”

“ஆமா. ஒரு பக்கம் போதும்னு அதனாலதான் சொன்னான்.” அவள் சம்பத்திடம் திரும்பினாள். “பூஜ்யம் முதலாளிதான்னு எப்படி நிரூபிக்கறது?”

“முடியாது. நம்பர்தான் இருக்கு, ஆள் இல்லை. எந்த டெர்மினல்னு நான் அப்ப எழுத வைக்கலை. பூஜ்யத்தோட பாஸ்வேர்டு தெரிஞ்ச இன்னொருத்தன் நான். அவர் என்னைக் கை காட்டுவார். அதான் மேடம் ஓடறேன். எனக்குக் கைக்குழந்தை இருக்கு.”

“இப்ப பம்பாய் போனா, ஓடிப்போன திருடன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. எனக்கு அந்த அனுபவம் இன்னிக்குக் காலைலதான் ஆச்சு. இறங்குங்க. உங்க லாக்கை நீங்களே சரி பண்ணுங்க.”

அண்ணனூர் போனது. திருமுல்லைவாயல் போனது. சம்பத் சூட்கேஸை இறுக்கிப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அம்பத்தூரில் ரயில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வனஜா பிளாட்பாரத்தில் நின்று அவனையே பார்த்தாள். ஹாரன் அடித்தது. ரயில் அசைந்தபோது சூட்கேஸ் முதலில் வெளியே விழுந்தது, பின்னாலேயே அவனும்.

“ஜென்மத்துல மொத தடவை அடுத்தவன் ஆட்டோல துட்டு குடுத்துப் போறேன்” என்று முனகிக்கொண்டே துலுக்கானம் கை காட்டினான்.

ஸ்டேஷன் பூத்திலிருந்து வனஜா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். ஏகாம்பரம் முதலில் கத்தினார். “காலைல திருடின்னு எழுதிக் குடுத்தீங்க. சாயங்காலம் இல்லைன்றீங்க. நான் என்ன பண்றது?”

“கம்பெனிக்கு வந்து நீங்களே படிங்க சார். நான் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டேன். படிச்சுப் புரியலைன்னா நாகவல்லியை மேலிடத்து ஆளுங்களோட அனுப்பிடுங்க.”

அவர் வந்தார், வேண்டாவெறுப்பாக.

கேட்டில் குணசேகரன் மறித்தார். “யாரைக் கேட்டு இவனை உள்ள கூட்டிட்டு வர்றீங்க?”

“ஒரே ஒரு கேள்வி சார். பூஜ்யம்னா காலிக் கட்டம்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“முதலா…” குணசேகரன் பாதியில் நின்றார். முகத்திலிருந்த அதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. “அவருக்குத்தான் கம்ப்யூட்டரே தெரியாதே. அவருக்கு எப்படி அது…”

குணசேகரன் இடுப்பிலிருந்து கம்ப்யூட்டர் அறைச் சாவியை எடுத்துச் சம்பத்திடம் நீட்டினார்.

“நீங்க முதலாளி ரூம் வாசல்லயே நில்லுங்க” என்றாள் வனஜா. “உள்ள வேற யாரும் போகக்கூடாது.”

சம்பத் திரை முன் உட்கார்ந்தான். “லாக்கை நான் தொடவே மாட்டேன், தொட்டா நானே மாத்தினேன்னு சொல்வார். ஆனா அதை அச்சடிக்கிற புரோகிராம் மட்டும் தனி. லாக்ல ஒரு வரி விழுந்தா அந்த நொடியே பிரிண்டருக்கும் போற மாதிரி பண்றேன். எந்த டெர்மினல்னும் சேர்த்துப் போடறேன். தலைப்பு என்ன வைக்கட்டும்?”

“படிக்கிறவர் யாரையும் கேக்கக்கூடாத மாதிரி வைங்க. தமிழ்லயே.”

“தமிழ் எழுத்து வராது மேடம்.”

“இங்கிலீஷ் எழுத்துல தமிழை எழுதுங்க.”

சம்பத் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு அடித்தான். யூசர், ஐ.டி. இரண்டும் போயின. ‘செய்தவர்’, ‘செய்தது’ என்று இரண்டு தலைப்புகள் வந்தன. ‘எதை, யாரை’ என்று இன்னொன்று. ‘உட்கார்ந்த இடம்’ என்று நான்காவது.

வனஜா முதலாளி அறைக்குள் போனாள். அப்பாவு எழுந்து நின்று வரவேற்றார்.

“சின்னச் சந்தேகம் சார். என்கிட்ட இருக்கிற பேப்பர்ல வெறும் நம்பர்தான் இருக்காம். மெஷினுக்குள்ள, யார் எந்த டெர்மினல்ல உட்கார்ந்து பண்ணாங்கன்னே இருக்குமாம். ஆறு மணிக்கு வர்றவங்க ஆள் கூட்டிட்டு வந்து அதை எடுத்துட்டுப் போறாங்களாம். எனக்கு இதெல்லாம் புரியலை. அறிக்கையை மாத்தணுமா?”

அப்பாவுவின் முகம் மாறவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை மட்டும் எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். “மாத்த வேண்டாம்மா. எடுத்துட்டுப் போகட்டும். நல்லதுதானே. காபி சாப்பிடறீங்களா?”

“வேண்டாம் சார். கிளம்பறேன்.”

கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. இரைந்தது. பிரிண்டர் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், வனஜாவைப் பார்த்தார். அப்பாவு பயப்படவில்லையோ? பொய் என்று கண்டுபிடித்துவிட்டாரோ? சம்பத் நகத்தைக் கடித்தான்.

“வனஜாம்மா, ஆறாகப் போகுது. நான் ஸ்டேஷன்ல இருக்கணும்.”

“இன்னும் கொஞ்சம் சார்.”

“போதும்மா. நான் கெளம்பறேன்.”

அவர் கதவைத் தொட்டபோது பிரிண்டர் ‘ர்ர்க்’ என்று ஒரு முறை நகர்ந்து நின்றது. ஒரு வரி.

ஏகாம்பரம் திரும்பி வந்து குனிந்தார். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். “செய்தவர், சூப்பர் யூசர். செய்தது, உள்ளே நுழைந்தார். உட்கார்ந்த இடம், முதலாளி அறை.”

பிரிண்டர் இரண்டாவது முறை சீறியது.

“செய்தவர், சூப்பர் யூசர். எதை, லாக் முழுவதும். செய்தது, அழித்தார். உட்கார்ந்த இடம்…” இன்ஸ்பெக்டர் முடிக்கவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. பேப்பரைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

திரையைத் தட்டிப் பார்த்த சம்பத், “லாக் காலி. உள்ள ஒரு வரி கூட இல்லை” என்றான்.

“பேப்பர்ல கீதே, அது போதும்” என்றான் துலுக்கானம்.

முதலாளி அறை வாசலில் குணசேகரன் அசையாமல் நின்றிருந்தார். “யாரும் உள்ள போகலை. யாரும் வெளிய வரலை” என்றார், கேட்பதற்கு முன்பே.

அப்பாவு சிரித்த முகத்தோடு எழுந்தார். “வாங்க இன்ஸ்பெக்டர்.”

“உங்க மெஷின் லாக்லேர்ந்து ஒரு வரி எடுத்துட்டு வந்தோம் சார். உங்களுக்குக் காட்டலாம்னு.”

“எந்த லாக்? அதுலதான் இப்ப ஒண்ணுமே இல்லையே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

“இல்லைன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?” என்றாள் வனஜா. “அழிஞ்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. நாங்க யாருமே சொல்லலையே.”

அப்பாவு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் பேப்பரை விரித்து மேஜைமேல் வைத்தார். அதைப் படித்தபோது அந்த மனிதரின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. “சம்பத் எங்க? அந்தப் பய எங்க? டிக்கெட் குடுத்தேனே!”

மேலிடத்து ஜீப் ஆறு மணிக்குச் சரியாக வந்தது. ஏற்றிக்கொண்டு போனது அப்பாவுவை. சம்பத்தையும் சாட்சி எழுத உடன் அழைத்துப் போனார்கள். பம்பாய் டிக்கெட்டை அவன் முதலிலேயே இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தான்.

ஸ்டேஷன் படியிறங்கி நாகவல்லி வந்தாள். தேவராஜ் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வனஜா ஓரமாகக் காத்திருந்துவிட்டு அருகே போனாள்.

“நான் உங்களைத் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

நாகவல்லி அவளை நேராகப் பார்த்தாள். “மன்னிப்பை இங்க வெச்சு நான் இன்னா பண்றது மேடம்? காலைல எங்க குவார்ட்டர்ஸ்ல போலீஸ் வந்து பீரோவைக் கொட்டினாங்க. மொத்த பிளாக்கும் நின்னு பார்த்துச்சு. எங்க ஊட்டுக்காரரு நாளைக்கு அவங்களோடதான் வேலைக்குப் போகணும். சொல்றதை அங்க வந்து சொல்லுங்க.”

“வரேன்” என்றாள் வனஜா.

“ஜீப்பிலேயே விடறேன்” என்றார் ஏகாம்பரம். “காலைல அதுலதான போனோம்.”

ஆவடி குவார்ட்டர்ஸில் போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் ஒவ்வொரு பால்கனியிலும் ஆள் வந்தது. கீழ்வீட்டுப் பார்வதம் பாதி திறந்திருந்த கதவைச் சாத்தப் போனாள். வனஜா இறங்கினாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. மூன்றாம் மாடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“என் பேர் வனஜா. வரைபடத்தைத் திருடினவர் நாகவல்லி இல்லை. அப்பாவு கியர்ஸ் முதலாளி அப்பாவு. நாகவல்லி பாஸ்வேர்டை அவர்தான் மாத்தினார். நாகவல்லியைத் திருடின்னு தப்பா எழுதிக் குடுத்தது நான். போலீஸ் அவரைப் புடிச்சுட்டாங்க.”

எங்கோ ஒரு வீட்டில் டி.வி. சத்தம் நின்றது. ஏகாம்பரம் ஜீப்பிலிருந்தபடியே “உண்மைதான்” என்றார்.

பார்வதம் வெளியே வந்து நாகவல்லியின் முழங்கையைப் பிடித்தாள். “எனக்குத் தெரியும்டி. நீ அப்படிப் பண்ற பொண்ணா? காலைலயே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா கதவைத் தெறந்து வெச்சிருக்கலாமேக்கா” என்றாள் நாகவல்லி. கையை விடுவித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். தேவராஜ் பின்னால் போனான்.

மேலே விளக்கு எரிந்தது. பீரோவிலிருந்து வாரிக் கொட்டிய துணிகளை ஒவ்வொன்றாக உதறும் சத்தம் கீழே வரை கேட்டது. வனஜா சற்று நேரம் நின்று கேட்டாள். பிறகு படியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, மடித்து வைக்க மேலே போனாள்.